பேராசிரியருக்குச் சொன்ன ஓம்

ஏழு வருடங்கள் நான் ஒரே வேலை பார்த்தேன். இத்தாலியில், பலேர்மோவில், பல்கலைக்கழகத்தில், பழைய கிரேக்கம் படிக்கும் வேலை. போன மாதம் அதிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்க வேண்டாம். எங்கள் வீடுகளில் வேலை என்றால் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் இத்தாலிய எசமானி வீட்டில் தரை துடைப்பது, சமைப்பது, வயதானவர்களைப் பார்ப்பது. படிப்பை ஒருவரும் வேலை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஏணியில் ஏறி ஐந்தாம் மாடி ஜன்னல் துடைக்கும் என் அம்மாவை விட, கதிரையில் இருந்து கிரேக்கம் படித்த நான்தான் கூடப் பயந்தவள். அந்தப் பயத்துக்கே எனக்கு ஓய்வூதியம் தரவேண்டும்.

இந்த வருடம் எங்கள் தமிழ் ஆட்களில் இரண்டு தங்கச்சிமார் கிரேக்கத்துக்குப் பதிந்திருப்பதாக, ஞாயிறு பூசை முடிந்து நிற்கும்போது சொன்னார்கள். உங்கள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அகராதி எப்படிப் பார்ப்பது, வினைச்சொற்களை எப்படி மனதில் ஏற்றுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லித்தரச் சம்பளம் வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. அதில் நான் இடறி விழுந்த விதத்தைச் சொல்கிறேன், நீங்களாவது பார்த்து நடங்கள்.

முதலில் பரீட்சையைப் பற்றி. இங்கே பரீட்சை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவருவது அல்ல. வாய்ப் பரீட்சை. எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். பேராசிரியர் முன்னால் மேசையில் இருப்பார். பெயர் கூப்பிடுவார். போய் முன்னால் இருக்க வேண்டும். அவர் புத்தகத்தை நினைத்த இடத்தில் திறந்து, "வாசித்து, மொழிபெயருங்கள்" என்பார். பின்னால் முப்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முப்பதுக்குப் புள்ளி. பதினெட்டுதான் ஆகக் குறைந்த தேர்ச்சி. கிடைத்த புள்ளி பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், அடுத்த தவணையில் திரும்ப வரலாம். ஆனால் ஏற்றுக்கொண்டால் அது அழியாது, கடைசிவரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். என்னோடு படித்த ஜூலியா என்ற பெட்டை இருபத்தாறை இரண்டு தடவை வேண்டாம் என்றவள். அவளுக்கு அது ஒரு கௌரவம். எனக்கு அந்தக் கௌரவம் கட்டாது.

ஏனென்றால் என் நிலைமை வேறு. நான் மன்னாரில் பிறந்தவள். அப்பா தவறிய பிறகு ஒன்பது வயதில் அம்மாவிடம் இங்கே வந்தேன். பதினெட்டு வயதானதும் என் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்க விடும் அந்த அட்டை, படிப்புக்கான பெர்மெசோவாக மாறியது. படிப்புக்கென்று தந்தால் படித்துக் காட்ட வேண்டும் அல்லவா? இரண்டாம் வருடம் குறைந்தது இரண்டு பரீட்சை தேறினால்தான் அதைப் புதுப்பிப்பார்கள். அந்த வருடம் செப்டெம்பர் பிறந்தபோது என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. ஒக்டோபரில் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், எனக்கு நாள் குறித்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியது கிரேக்கப் பரீட்சை மட்டும்தான். தவறினால் நான் போகவேண்டியது ஒன்பது வயதில் விட்டுவந்த ஒரு ஊருக்கு. அங்கே என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்கூட இல்லை.

"ஏன் ஒன்றோடு நின்றாய், சோம்பேறி" என்று கேட்பீர்கள். சோம்பல் இல்லை, பயம். ஜூனிலும் ஜூலையிலும் பெயர் கொடுத்தேன். பரீட்சை நாளில் போய்ப் பின்வரிசையில் தூணோடு ஒட்டி இருந்தேன். பேராசிரியர் என் பெயரை வாசித்தார். சூசைதாசன் என்ற பெயரை அவர் மூன்று துண்டாக உடைத்துத்தான் கூப்பிடுவார். மூன்று துண்டும் காதில் விழுந்தன, நான் வாய் திறக்கவில்லை. "வரவில்லை போல" என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இரண்டு தடவையும் இதே கூத்து. வீட்டுக்கு வந்து, "என்ன பிள்ளை, எப்பிடி?" என்று கேட்ட அம்மாவிடம், "தள்ளிப் போட்டினம்" என்றேன்.

அந்தப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. ஒல்லியான மனுசி, குரல் உயர்த்தவே மாட்டார். ஆனால் வகுப்பில் ஒரு பழக்கம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தலையை நிமிர்த்தி, "விளங்கியதா?" என்பார். மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். முதல் வரிசையில் இருக்கும் நான் மட்டும் "ஓம், பேராசிரியரே" என்று தலையாட்டுவேன். விளங்கினாலும் ஓம், விளங்காவிட்டாலும் ஓம். ஆசிரியர் முகத்துக்கு நேரே விளங்கவில்லை என்று சொன்னால், அவருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று சொன்ன மாதிரி அல்லவா? எங்களை அப்படித்தானே வளர்த்தார்கள்.

செப்டெம்பருக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். பரீட்சைக்கு வைத்த நாடகத்தின் இத்தாலிய மொழிபெயர்ப்பை முழுதாகப் பாடமாக்கினேன். கிரேக்கத்தை வாசிக்க மட்டும் பழகினேன், அர்த்தத்தை நெட்டுருவில் விட்டேன். செபமாலையில் சொல்லும் காரணிக்கச் செபங்களைச் சின்னதில் பாடமாக்கியவளுக்கு இது எம்மாத்திரம்! ஆகஸ்ட் முழுக்க, நாங்கள் இருக்கும் கபோ சந்தைத் தெருவில், மீன்காரர் கூவும் சத்தத்துக்குள் நடந்து நடந்து பாடமாக்கினேன். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் உதடு அசையும். கடைக்காரன் நான் அவனைத் திட்டுவதாக நினைத்து விலையைக் குறைத்தான்.

பரீட்சை நாள் வந்தது. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வேலைக்குப் போனா. பஸ்ஸில் எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. செப்டெம்பர் பலேர்மோவில் கை குளிர வேண்டுமென்றால் எவ்வளவு பயம் என்று நீங்களே யோசியுங்கள். பெயர் கூப்பிட்டபோது இந்த முறை எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

தூதன் ஓடிவந்து அரண்மனையில் நடந்ததைச் சொல்லும் இடத்தைத் திறந்தார். கிரேக்கத்தில் பத்து வரி வாசித்தேன். பிறகு பாடமாக்கியதை விட்டேன் பாருங்கள், தங்குதடை இல்லாமல் ஓடியது. பேராசிரியரின் முகம் மலர்ந்தது. அதைக் கண்டதும் எனக்கு உற்சாகம். இன்னும் ஓட்டினேன். பிறகு அந்த முகம் மெல்ல மெல்ல மாறியது. பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பக்கத்தைப் பார்த்தார்.

"நீங்கள் எந்த வரியில் இருக்கிறீர்கள்?"

நான் விரலை எங்கோ வைத்தேன்.

"அரசன் இறந்துவிட்டான் என்கிறீர்கள். இந்தப் பக்கத்தில் அவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் வாசிக்கச் சொன்ன பத்து வரி எங்கே முடிகிறது என்று தெரியாமல், நான் அடுத்த பக்கத்துக்குள் போய் மனுசனைக் கொன்றே விட்டிருந்தேன். எழும்பி ஓடலாம், யாரும் பிடிக்கமாட்டார்கள். ஓடினால் ஒக்டோபரில் குவெஸ்தூராவில் எதைக் காட்டுவது?

அவர் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். நான் முன்பின் பார்க்காத எட்டு வரி. "அவசரம் இல்லை," என்றார். எனக்குத் தெரிந்த சொல்லைத் தெரிந்தபடி சொன்னேன். தெரியாததை விட்டேன். ஒரு வரியில் கப்பல் வந்தது, ஒரு வரியில் ஒருவன் அழுதான், நடுவில் என்ன நடந்ததென்று ஆண்டவருக்குத்தான் தெரியும். பாதிக்கு மேல் ஓட்டை. ஆனால் சொன்ன பாதி சரியாக இருந்தது. இரண்டு வருடம் வகுப்பில் இருந்ததில் என்னை அறியாமலே கொஞ்சம் ஒட்டியிருந்தது போல.

பேராசிரியர் பேனாவை வைத்தார். "பதினெட்டு தரலாம். ஆனால் உங்களால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும். இதை எடுத்து உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரியில் வாருங்கள். சரிதானே?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

"ஓம், பேராசிரியரே. நன்றி," என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். நன்றியும் சொல்லி, எழும்பி, கதிரையைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளியும் வைத்தேன். நல்ல வளர்ப்பு! அவர் என் பெயருக்கு நேரே கணினியில் எதையோ தட்டி, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வாசலுக்கு வெளியே ஜூலியா நின்றாள். வெளியே வருகிறவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்து எழுதிவைப்பது எல்லோருக்கும் வழக்கம்.

"எவ்வளவு?"

"பதினெட்டு."

"வேண்டாம் என்றுதானே சொன்னாய்?"

"ஓம்."

"நல்ல வேலை செய்தாய்," என்று என் தோளில் தட்டினாள்.

அந்தத் தட்டோடுதான் எனக்கு உறைத்தது. ஐயோ மாதாவே, என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன்! ஒரு வருடமாக எந்தப் பதினெட்டுக்காகச் செத்துப் பிழைத்தேனோ, அதைத் தட்டில் வைத்துத் தந்தார்கள். நான் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கச்சிமாரே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எனக்கு மூன்று வழி தெரிந்தது. வீட்டுக்குப் போய் அழுவது ஒன்று. இரவில் ஆறுதலாக, மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுவது இன்னொன்று. அதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் எல்லோரையும் கேட்டு முடிந்ததும் பேராசிரியர் புள்ளிப் பட்டியலை மூடிக் கையொப்பம் வைத்துவிடுவார். மூடினால் மூடினதுதான். மின்னஞ்சல் போய்ச் சேரும்போது என் பெர்மெசோவும் போய்ச் சேர்ந்திருக்கும். மிஞ்சியது மூன்றாவது வழி. உள்ளே போய், முப்பது பேருக்கு முன்னால், ஆசிரியரிடம் சொன்ன சொல்லை மாற்றுவது. எனக்கு அதைச் செய்வதைவிடக் கடலில் குதிப்பது சுலபமாகத் தெரிந்தது.

போனேன். அடுத்தவன் வாசித்துக்கொண்டிருந்தான். மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு அவன் வாசிப்பதை நிறுத்தினான். அதோடு மண்டபம் முழுக்க அமைதியாகிவிட்டது.

"என்ன?" என்றார் பேராசிரியர்.

"எனக்கு அந்தப் பதினெட்டு வேண்டும்."

"இப்போதுதானே வேண்டாம் என்று போனீர்கள்?"

"நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் சரிதானே என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன்."

"அது சம்மதம் இல்லையா?"

"இல்லை. நீங்கள் ஆசிரியர். அதனால் ஓம் என்றேன்."

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இரண்டு வருடமாக முதல் வரிசையில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் விளங்கியதா என்று கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓம் என்றீர்கள். அதுவும் இப்படித்தானா?"

இல்லை என்று பொய் சொன்னால் பதினெட்டு தப்பலாம். ஓமென்று உண்மையைச் சொன்னால், ஒன்றும் விளங்காதவளுக்குப் பதினெட்டு எதற்கு என்று அதையும் பிடுங்கலாம். யோசிக்க நேரம் இல்லை. ஒரு பொய்யான ஓமால்தான் இங்கே வந்து நிற்கிறேன், இன்னொன்றைச் சொல்ல எனக்கு அந்த நேரம் தெம்பு இருக்கவில்லை.

"அதுவும் இப்படித்தான்," என்றேன்.

அவர் மேசையில் கிடந்த புத்தகத்தின் பக்கத்தை விரலால் புரட்டினார்.

"உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் பக்கத்தைப் புரட்டினேன்," என்றார்.

பின்வரிசையில் இருந்து ஒருவன், "அப்படியென்றால் எங்கள் எல்லோருடைய சாவுக்கும் நீதான் காரணமா?" என்று கத்தினான். மண்டபம் அதிர்ந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் போதும் என்று இருந்தது.

"ஏன் இந்தப் பதினெட்டு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார்.

"பெர்மெசோ," என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு, கணினியைத் தன் பக்கம் திருப்பி, என் பெயரைத் தேடித் தட்டினார். "பதினெட்டு. பதிந்தாயிற்று. ஒரு நிபந்தனை. அடுத்த வகுப்பில் இருந்து, விளங்காத இடத்தில் கையை உயர்த்துங்கள். நீங்கள் உயர்த்தும்வரை நான் பக்கத்தைப் புரட்டமாட்டேன்."

தந்துவிட்டாரே, இனிப் பயம் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். வகுப்பு தொடங்கிய முதல் நாள் பக்கம் முடிந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காத்திருந்தார். நாற்பது கண்கள் என் முதுகில். கையை உயர்த்தினேன். அது என் கை மாதிரியே இல்லை. "மூன்றாம் வரியில் இருந்து விளங்கவில்லை," என்றேன். "எனக்கும்," என்று பின்னால் ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் ஜூலியா. இருபத்தாறை வேண்டாம் என்ற ஜூலியா! நான் ஏழு வருடத்தில் படித்த கிரேக்கம் எல்லாம் அந்தக் கையை உயர்த்திய நாளுக்குப் பிறகு படித்ததுதான். ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கத்தான் உயர்த்தினேன்.

ஒக்டோபரில் குவெஸ்தூராவுக்கு அம்மாவும் வந்தா. சிஞ்ஞோராவிடம் அரை நாள் லீவு கேட்டு, பூசைக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தா. இரண்டரை மணித்தியாலம் நின்றோம். எங்கள் இலக்கம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் கோப்பைத் திறந்து, பார்த்து, மூச்சு விடாமல் ஏதோ சொல்லி, ஒரு தாளைத் துவாரத்தால் தள்ளினார். கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. "சரிதானே?" என்றார்.

இத்தாலியன் எனக்கு நன்றாக வரும். ஆனால் அலுவலக இத்தாலியன் வேறு ஒரு மொழி. எனக்குப் பிடிபட்டது பாதிதான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தா.

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை. கெதியா ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் கையெழுத்தை வை. அவருக்குக் கோவம் வரப்போகுது."

எனக்கும் பயம்தான். ஆனால் பேனாவைத் தொடவில்லை.

"மன்னிக்கவேண்டும். எனக்கு விளங்கவில்லை. இன்னொருமுறை மெதுவாகச் சொல்லுங்கள்."

"விசரோ உனக்கு!" என்று அம்மா பல்லைக் கடித்தா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, களைத்த மனுசன், அவ்வளவுதான். கோடையில் அனுப்பிய கோப்பில் ஒரு பரீட்சைதான் இருக்கிறது, அது போதாது. கையெழுத்து வைத்தால் இந்த விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஆகும், என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். விளங்கியபோது என் முகத்தில் ஈயாடவில்லை. பையில் இருந்த புதிய புள்ளித் தாளை எடுத்துத் துவாரத்தால் தள்ளினேன். அதில் பதினெட்டு இருந்தது. அவர் பார்த்தார், கோப்பில் செருகினார், முதலில் தந்த தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். விரல் அடையாளம் எடுத்தார்கள். முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் இருந்தா. பொலிதேயாமா தரிப்பிடம் வரப்போகிற நேரத்தில் கேட்டா.

"அந்தாள் சொன்னது உனக்கு உண்மையாவே விளங்கேல்லையோ?"

"இல்லை அம்மா. பாதிதான்."

"நீ இஞ்சை பள்ளிக்கூடம் போன பிள்ளை. உனக்கே விளங்கேல்லையெண்டா..." அம்மா கைப்பையை மடியோடு இறுக்கிப் பிடித்தா. "எத்தினை வருசமா அந்தக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டிருக்கிறன். சிஞ்ஞோரா வீட்டிலை, வங்கியிலை, வீட்டுக்காரனிட்டை, எல்லா இடமும் ஓம் ஓம் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறன். அப்ப நான் என்னத்துக்கெல்லாம் ஓம் சொன்னனான்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா சட்டைகூட மாற்றவில்லை. கட்டிலுக்குக் கீழே இருந்த பிஸ்கட் பெட்டியை இழுத்து, அதில் இருந்த தாள்கள் அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினா. ஆக அடியில் இருந்ததை, மடித்த இடம் கிழிந்துபோன ஒன்றை, என் முன்னால் வைத்தா. கீழே அம்மாவின் கையெழுத்து, சின்னப்பிள்ளை எழுதியதுபோல.

"இதிலையிருந்து துவங்கு," என்றா. "எனக்குப் பயமாக் கிடக்கு. எண்டாலும் வாசி."